கால் மில்லிமீட்டருக்குள் இவ்வளவா? உங்களுக்குத் தெரியுமா?

இந்த வரியை நீங்கள் படிப்பதே கண்ணின் பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சவ்வின் புண்ணியத்தில்தான். புத்தகத்தில் விழித்திரை, ஆஸ்பத்திரியில் ரெட்டினா. அதன் கனம் எவ்வளவு? ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். அதற்குள் எத்தனை அடுக்கு? பத்து!

அந்தப் பத்து அடுக்குக்குள் ஒளியை உணரும் செல்கள் மட்டும் 10 கோடியை நெருங்கும். அங்கிருந்து மூளைக்குக் கிளம்பும் நரம்பு இழைகளோ 10 முதல் 12 லட்சம்தான். கோடிக்கணக்கில் பேசுகிறார்கள், லட்சக்கணக்கில் தூது போகிறார்கள்!

கும்மிருட்டில் ஒரே ஓர் ஒளித்துகள் வந்து மோதினால் போதும். விழித்திரையின் கோல் செல் விழித்துக்கொள்ளும். ஒன்றே ஒன்று! அதைவிடச் சிறிய ஒளி உலகத்திலேயே கிடையாது!

விழித்திரைக்கு முன்னால் நுங்கு மாதிரி ஒரு ஜெல்லி நிற்கிறது. விட்ரியஸ் என்பது அதன் பெயர். கண் உருண்டையில் ஐந்தில் நான்கு பங்கு இதுதான். அளவு சுமார் 4 மில்லி. அதிலும் 98 சதவீதம் வெறும் தண்ணீர்!

வெள்ளைச் சுவரைப் பார்க்கும்போது கண்முன்னே பூச்சி பறக்கிறதா? கையால் விரட்டாதீர்கள். பூச்சி வெளியே இல்லை, ஜெல்லிக்குள் மிதக்கும் தூசுகளின் நிழல்! ஆனால் திடீரென்று பூச்சிகள் பெருகி, கூடவே மின்னல் வெட்டினால் ரெட்டினா கிழிந்திருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்!

உங்கள் கண்ணில் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. நம்பவில்லையா? இடக்கண்ணை மூடுங்கள். இரண்டு கட்டைவிரலையும் கைநீட்டி அருகருகே நிறுத்துங்கள். வலக்கண் இடது கட்டைவிரலையே பார்க்கட்டும். இப்போது வலது கட்டைவிரலை மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் விரல் நுனி காணாமல் போகும்! பிரான்சின் எட்மே மாரியோட் இந்தப் புள்ளியைக் கண்டுபிடித்தது 1660களில்!

உடம்புக்குள் இருக்கும் ரத்தக் குழாய்களைக் கத்தி வைக்காமலே நேரில் பார்க்கக்கூடிய இடம் எது? விழித்திரை! கண்ணாடி மாற்றப் போனவருக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருப்பது கண் டாக்டரிடம் பிடிபடுவது அப்படித்தான்!

சரி, உயிரோடு இருக்கும் மனிதனின் ரெட்டினாவைத் தெளிவாகப் பார்க்க ஒரு கருவி வந்தது எப்போது? 1850-ல்! செய்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். வயது 29. கருவிக்குச் செலவு? அட்டை, பசை, கொஞ்சம் கண்ணாடித் தகடு!

கம்ப்யூட்டரின் தந்தை என்று கொண்டாடப்படும் சார்லஸ் பாபேஜ் 1847-லேயே இப்படி ஒரு கருவியைச் செய்துவிட்டார். ஒரு கண் டாக்டரிடம் காட்டினார். அவர் அதில் பிரயோஜனம் எதையும் காணவில்லை! மூன்றே வருடம் பொறுத்து ஹெல்ம்ஹோல்ட்ஸ் உலகப் புகழ் பெற்றார்!

மனித ரெட்டினாவின் முதல் போட்டோ எடுக்கப்பட்டது 1886-ல், இங்கிலாந்தில். கண்ணை அசைக்காமல் உட்கார வேண்டிய நேரம்? இரண்டரை நிமிடம்! இன்றைக்கு ஒரு பிளாஷ், முடிந்தது கதை.

உலகத்தின் இரண்டாவது பழமையான கண் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது? நம் எழும்பூரில்! ஆரம்பித்த வருடம் 1819. அதாவது, ரெட்டினாவைப் பார்க்கும் கருவி பிறப்பதற்கு 31 வருடம் முன்பே!

ரெட்டினா கழன்று விழுவதற்கு 1910 வாக்கில் என்ன வைத்தியம் தெரியுமா? கண்ணைக் கட்டு. படுக்கையில் கிட. அசையாதே. வாரக்கணக்கில்! குணமானவர்கள் ஆயிரத்தில் ஒருவர்!

சுவிட்சர்லாந்தின் லோசானில் ஒரு டாக்டர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் ஜூல் கோனன். ரெட்டினா தானாகக் கழல்வதில்லை, முதலில் ஓட்டை விழுகிறது, ஓட்டையைச் சூடு வைத்து அடையுங்கள் என்றார். சிரித்தார்கள்! பல வருடம் சிரித்தார்கள்! 1929-ல் ஆம்ஸ்டர்டாம் மாநாட்டில் சிரிப்பு நின்றது. ஆயிரத்தில் ஒன்று, இரண்டில் ஒன்று ஆனது!

கட்டம் போட்ட ஒரு தாள். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர். மொத்தம் 400 சதுரம். ஒற்றைக் கண்ணால் நடுப்புள்ளியைப் பாருங்கள். கோடு வளைந்து தெரிகிறதா? ரெட்டினாவின் மையப் பகுதியான மாகுலாவில் கோளாறு இருக்கலாம்! இதை உருவாக்கிய மார்க் ஆம்ஸ்லர் யார்? அந்தக் கோனனின் சீடர்தான்!

இப்போது ஒரு சினிமாக் கதை. பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லை, பிரெனே மலை, மாண்டீவ் கிராமம். இரண்டாம் உலகப் போர். ழாக் பெரோ என்றொரு மரக்கடை முதலாளி. ஜெர்மன்காரர்களோடு ஒட்டி உறவாடுகிறார். ஊரே முகம் சுளிக்கிறது. ஆனால் மரம் இறக்கும் கம்பித்தடம் வழியாக, அதே ஜெர்மன்காரர்களின் மூக்குக்குக் கீழே, அவர் எல்லை தாண்டிவிட்ட ஆட்கள் 100-க்கும் மேல்!

ழாக் பெரோ என்று ஒருவர் கிடையவே கிடையாது! அவர் சார்லஸ் ஸ்கெபென்ஸ். பெல்ஜியத்துக் கண் டாக்டர்! 1943-ல் ஜெர்மன் ரகசியப் போலீசான கெஸ்டபோ வாசலுக்கே வந்தது. நழுவி, காட்டுக்குள் நடந்தே ஸ்பெயின் போய்ச் சேர்ந்தார்!

போர் முடியும் சமயத்தில் அவர் லண்டனில் இருந்தார். கிடைத்த உலோகத் துண்டுகளை வைத்து ஒரு கருவி செய்தார். இன்றைக்கு ரெட்டினா டாக்டர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்தபடி உங்களைக் குனிந்து பார்க்கிறாரே, அது அந்தக் கருவியின் வாரிசு!

அந்த ஸ்கெபென்ஸிடம் பாஸ்டனில் பயிற்சி எடுத்த ஓர் இளம் டாக்டர் ஊர் திரும்பி, 1978-ல் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத். ஆஸ்பத்திரி சங்கர நேத்ராலயா! பிரெனே காட்டிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு நேர் பாதை!

பிரான்ஸ் ஸ்கெபென்ஸுக்கு விருது கொடுத்து மரியாதை செய்தது எப்போது? 2006-ல். அதே வருடம் இறந்தார். வயது 94!

1945 ஜூலை 9. ஐரோப்பாவில் சூரிய கிரகணம். வெறும் கண்ணால் பார்த்த ஒரு மருத்துவ மாணவருக்கு ரெட்டினாவில் சூடு விழுந்தது. பார்த்த ஜெர்மன் டாக்டர் கெர்ட் மேயர்-ஷ்விக்கெராத்துக்கு மூளையில் பொறி தட்டியது: கெடுக்கிற சூட்டாலேயே ஒட்ட வைத்தால் என்ன?

வைத்தார்! ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் கருவியை வைத்து, சூரிய ஒளியையே பிடித்து நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தினார். மேகம் வந்தால் வைத்தியம் இல்லை! ஜெர்மனியின் வானிலையை நினைத்துப் பாருங்கள்! பிறகுதான் சூரியனை விட்டுவிட்டு செனான் விளக்குக்கு மாறினார்.

சூரியனைப் பார்த்து ரெட்டினா வெந்தாலும் வலிக்காது! வெப்பத்தைச் சொல்லும் வலி நரம்பு அங்கே இல்லை. பிள்ளைகள் விளையாடும் லேசர் பாயிண்டரும் அதே வேலையைச் செய்யும். சத்தமே இல்லாமல்!

உலகத்தின் முதல் லேசர் எரிந்தது 1960 மே மாதம். அது ஒரு நோயாளியின் ரெட்டினாவைத் தொட்டது 1961 கடைசியில், நியூயார்க்கில். ஒரு சின்னக் கட்டியைச் சுட்டது. இரண்டு வருடம்கூடப் பொறுக்கவில்லை! லேசர் வைத்தியத்தின் முதல் வாசல் தோலும் இல்லை, பல்லும் இல்லை, கண்!

சர்க்கரை நோயால் ரெட்டினா ரொம்பக் கெட்டுவிட்டால் டாக்டர்கள் என்ன செய்கிறார்கள்? ஓரத்து ரெட்டினாவை வேண்டுமென்றே சுடுகிறார்கள். ஒன்று, இரண்டு இல்லை. வழக்கமான கணக்கு 1,200 முதல் 1,600 புள்ளிகள்! ஓரத்தைக் காவு கொடுத்து நடுப்பார்வையைக் காப்பாற்றும் இந்த வித்தை, பார்வை பறிபோவதைப் பாதிக்கும் மேல் குறைத்தது!

1959. இண்டியானா பல்கலைக்கழகம். இரண்டு மருத்துவ மாணவர்கள், நோவோட்னியும் ஆல்விஸும். ஒளிரும் சாயத்தை ரத்தத்தில் ஏற்றி ரெட்டினாவைப் படம் எடுக்க ஆசை. முதல் ஊசி யாருக்கு? காசு சுண்டிப் போட்டார்கள்! மாட்டியவர் ஆல்விஸ்!

கட்டுரை எழுதி ஒரு பெரிய கண் மருத்துவ இதழுக்கு அனுப்பினார்கள். திருப்பி அனுப்பிவிட்டது! 1961-ல் வெளியிட்டது யார்? இதய நோய்க்கான இதழ்! இன்றும் உலகம் முழுக்க அதே சோதனை, அதே சாயம்.

அந்தச் சாயத்தைத் தயாரித்தது 1871-ல். ஊசி போட்ட பிறகு தோல் கொஞ்ச நேரம் மஞ்சளாகும். சிறுநீரும் பளீரென்று நிறம் மாறும். நர்ஸ் முன்கூட்டியே சொல்லவில்லை என்றால் அலறிவிடுவீர்கள்!

தொடாமல், குத்தாமல், வெறும் ஒளியால் ரெட்டினாவைக் குறுக்கே வெட்டிக் காட்டும் ஸ்கேன் ஓ.சி.டி. 1991-ல் அமெரிக்காவில் பிறந்தது. கட்டுரையில் முதல் பெயர் டேவிட் ஹுவாங். அப்போது அவர் மாணவர்! இன்றைய இயந்திரம் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கைப் பிரித்துக் காட்டும். ஒரு விநாடிக்கு ஒரு லட்சம் கோடுகளுக்கு மேல் வாசிக்கும்!

ஸ்காட்லாந்தின் டக்ளஸ் ஆண்டர்சன் கண் டாக்டரே அல்ல. அவருடைய மகனுக்கு ரெட்டினா கழன்றதைக் கண்டுபிடிக்கும்போது காலம் கடந்துவிட்டது. ஒரு கண் போயிற்று. கோபத்தில் தானே ஒரு கேமரா செய்யக் கிளம்பினார்! அந்த ஆப்டாஸ் கருவி ஒரே கிளிக்கில் பிடிப்பது 200 டிகிரி!

கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லியில் கை வைத்தால் கண் போய்விடும். 1960கள் வரை இது வேதவாக்கு! மயாமியில் ராபர்ட் மாக்கமர் கேட்கவில்லை. வெட்டி உறிஞ்சும் ஒரு சின்னக் கருவி செய்தார். எதில் பரிசோதித்தார்? முட்டையின் வெள்ளைக்கருவில்! 1970-ல் மனிதக் கண்ணில் நுழைந்தார்!

இன்று அந்தக் கருவிக்குத் தேவைப்படும் துவாரம் 0.4 மில்லிமீட்டர். தையலே கிடையாது! அதன் முனைக் கத்தி நிமிடத்துக்கு எத்தனை முறை வெட்டும்? 10,000-க்கும் மேல்!

ஜெல்லியை எடுத்த இடத்தில் எதை நிரப்புகிறார்கள்? காற்று, எண்ணெய், வாயு! அந்த வாயுக்களில் ஒன்று சல்பர் ஹெக்சாபுளோரைடு. துணை மின்நிலைய சுவிட்ச் கியருக்குள் அடைக்கிறார்களே, சாட்சாத் அதே வாயு!

கண்ணில் வாயுக் குமிழி இருக்கும்போது விமானம் ஏறக் கூடாது. மேலே போகப் போகக் குமிழி ஊதும், கண் அழுத்தம் எகிறும், பார்வையே போகலாம்! ஊட்டி, கொடைக்கானலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சில ஆஸ்பத்திரிகளில் கையில் ஒரு பட்டையே கட்டி அனுப்புகிறார்கள்!

குமிழி உண்மையில் மேலே மிதக்கிறது. ஆனால் நோயாளிக்கு அது கீழே கிடப்பதுபோலத் தெரியும்! ரெட்டினாவில் படம் தலைகீழாக விழுவதால் வந்த வினை. நாளாக நாளாகத் தண்ணீர்க் கோடு போல இறங்கி, கடைசியில் ஒரு சின்ன உருண்டை கால்பக்கம் உருளும். ஒரு வாயு இரண்டு வாரம் தங்கும், இன்னொன்று ஆறு முதல் எட்டு வாரம்!

அறுவை முடிந்து, மாகுலாவில் ஓட்டை இருந்தவர்கள் குப்புறக் கிடக்க வேண்டும். நாள் கணக்கில்! சாப்பாடு, டி.வி., தூக்கம் எல்லாம் குனிந்தே. கத்தியைவிட இதுதான் கொடுமை என்பேன்.

'அலறல்' ஓவியம் தீட்டிய எட்வர்ட் மூங்க்குக்கு 1930-ல் வலக்கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. மனிதர் என்ன செய்தார்? கண்ணுக்குள் தெரிந்த கறையை அப்படியே படம் படமாக வரைந்தார்! நோயாளியே எழுதிய கேஸ் ஷீட்!

நல்ல திடகாத்திரமான இளைஞர். ஒரு காலையில் எழுந்தால் ஒரு கண்ணில் கறுப்புத் திரை. கண்ணுக்குள் ரத்தம்! இதற்கு ஈல்ஸ் நோய் என்று பெயர். 1880-ல் எழுதியவர் இங்கிலாந்துக்காரர் ஹென்றி ஈல்ஸ். அதிகம் பார்க்கப்படுவது எங்கே? இந்தியாவில்!

ரெட்டினாவின் முக்கிய ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் எவ்வளவு நேரம் இருக்கிறது? இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் உழைத்த டாக்டர் சோஹன் சிங் ஹேரே குரங்குகளை வைத்துச் சொன்ன கணக்கு இது: 240 நிமிடத்தில் பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடும்! சீரியல் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பார்வையற்றோர் தடவிப் படிக்கும் எழுத்தைத் தந்த லூயி பிரெய்லுக்குக் குத்தூசி குத்தியது ஒரே ஒரு கண்ணில்தான், மூன்று வயதில். ஐந்து வயதில் இரண்டு கண்ணும் போயின! உள்கண் அழற்சி அடுத்த கண்ணுக்கும் பாயும். இன்றைக்கு ஸ்டீராய்டு இருக்கிறது. அன்றைக்கு ஒன்றுமே இல்லை!

பார்வை மங்கிய பெரியவருக்குப் பட்டப்பகலில் ஆட்கள், பறவைகள், கட்டடங்கள் தெரிகின்றனவா? பேய் பிடிக்கவில்லை, புத்தியும் கெடவில்லை! வேலை இழந்த மூளை தானே படம் ஓட்டுகிறது. சார்லஸ் போனே தன் தாத்தாவை வைத்து இதை எழுதியது 1760-ல்!

பிளாஷ் போட்டு எடுத்த குழந்தை போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் பளபளக்கிறதா? உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள்! ரெட்டினாவில் புற்றுக் கட்டி இருக்கலாம். சீக்கிரம் பிடிபட்டால், நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் 95 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள்!

குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்ற 1940களில் ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தார்கள். குழந்தைகள் பிழைத்தன, ரெட்டினா பிழைக்கவில்லை! பார்வை இழந்தவை உலகம் முழுவதும் சுமார் 10,000. ஆக்சிஜனைச் சந்தேகப்பட்டு 1951-ல் கை நீட்டியவர் மெல்பர்ன் டாக்டர் கேட் கேம்ப்பெல்!

குழந்தை 34 வாரத்துக்கு முன் பிறந்ததா? எடை 2 கிலோவுக்குக் கீழா? அப்படியானால் 30 நாளுக்குள் ரெட்டினா பரிசோதனை நடந்தாக வேண்டும். நம் நாட்டு விதி இது. தள்ளிப்போட இதில் இடமே இல்லை!

கண்ணிலேயே ஊசியா என்று பதறுகிறீர்களா? உள்ளே போகும் மருந்து 0.05 மில்லி. ஒரு மில்லியில் இருபதில் ஒரு பங்கு! வீங்கிய மாகுலா வடிவது இந்தத் துளியில்தான்!

அந்த மருந்துகளில் ஒன்று அவாஸ்டின். எதற்காக வந்தது? பெருங்குடல் புற்றுநோய்க்கு! 2005-ல் மயாமியின் டாக்டர் பிலிப் ரோசன்ஃபெல்ட் அதைக் கண்ணில் போட்டுப் பார்த்தார். வேலை செய்தது! கண்ணுக்கென்றே லூசென்டிஸ் வந்தபோது ஓர் ஊசி சுமார் 2,000 டாலர். அவாஸ்டின்? சுமார் 50!

இரண்டில் எது சிறந்தது? அமெரிக்க அரசே பணம் போட்டுச் சோதித்தது. 2011-ல் முடிவு வந்தது: பார்வையைக் காப்பதில் இரண்டும் சமம்! லூசென்டிஸுக்கு உலகத்தின் முதல் நகல் மருந்து வந்தது எங்கே? 2015-ல், இந்தியாவில்!

லான்சலாட் பிறவிக் குருடு. 2001-ல் அதற்குப் பார்வை வந்த செய்தி உலகைச் சுற்றியது. ஆம், 'அதற்கு'! லான்சலாட் ஒரு நாய்! ரெட்டினாவில் சரியான மரபணுவைச் செலுத்தினார்கள். நாய் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய் வந்தது!

அதே வைத்தியம் மனிதர்களுக்கு 2017-ல் அனுமதி பெற்றது. பெயர் லக்ஸ்டர்னா. வந்தபோது ஒரு கண்ணுக்கு விலை 4,25,000 டாலர். இரண்டு கண்ணுக்கு? நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், எனக்குக் கை நடுங்குகிறது!

2014-ல் ஜப்பானின் கோபே நகரில் எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டியின் தோல் செல்லை எடுத்து, அதையே ரெட்டினாவின் செல்லாக மாற்றி, அவர் கண்ணிலேயே வைத்தார்கள். இப்படி உருமாறும் ஐ.பி.எஸ். செல் மனித உடம்பில் ஏறியது அதுவே முதல் தடவை!

58 வயதுக்காரர். பல்லாண்டாகப் பார்வை இல்லை. குளத்துப் பாசியில் கிடைக்கும் ஒளி உணரும் புரதத்துக்கான மரபணுவை அவர் கண்ணில் செலுத்தினார்கள். விசேஷக் கண்ணாடி மாட்டியதும் மேஜை மேல் இருந்த நோட்டுப் புத்தகம் இருக்குமிடம் தெரிந்தது! வருடம் 2021.

அகலம் 2 மில்லிமீட்டர். கனம் 30 மைக்ரான். புள்ளிகள் 378. ரெட்டினாவுக்கு அடியில் செருகும் பிரிமா சிப் இது. ஒயரும் இல்லை, பேட்டரியும் இல்லை, கண்ணாடியிலிருந்து பாயும் அகச்சிவப்பு ஒளிதான் அதற்குக் கரண்ட்! ஒரு வருடம் முடித்த 32 பேரில் 26 பேருக்குப் பார்வை அளவு ஏறியது!

சர்க்கரை நோயாளியின் ரெட்டினா படத்தைப் பார்த்து, டாக்டர் கைபடாமலே தானே முடிவு சொல்லும் செயற்கை நுண்ணறிவுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது 2018-ல். அதற்கு முன்பே, 2016-ல், கூகுள் தன் இயந்திரத்துக்குப் பாடம் நடத்த 1,28,175 படங்களைக் காட்டியது. படம் தந்த ஆஸ்பத்திரிகளில் இரண்டு தமிழ்நாட்டில்: மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா!

அந்த அரவிந்த் ஆரம்பித்தது 1976-ல். அப்போது மொத்தப் படுக்கை 11!

2018-ல் இன்னொரு கூத்து. வெறும் ரெட்டினா படத்தை வைத்துக்கொண்டு இயந்திரம் ஆளின் வயதைச் சொன்னது. பிசகு சராசரியாக மூன்றேகால் வருடம்! ஓர் ஆணின் படம், ஒரு பெண்ணின் படம் என்று ஜோடியாக நீட்டினால் எது யாருடையது என்றும் சொன்னது. ரெட்டினாவைப் பார்த்தே தலை நரைத்த டாக்டர்களுக்கு அந்த வித்தியாசம் கண்ணில் பட்டதே இல்லை. இயந்திரத்துக்கு? நூற்றுக்கு 97 முறை சரி!